புதுப்பிப்பு: ஊசி பயத்துக்கு ஹிப்னோதெரபி, அம்மாவுக்கு ரத்தம் எடுத்தாயிற்று

ஊசியைப் பார்த்தாலே அம்மா மயங்கி விழுகிறார், அறுவை சிகிச்சைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையே முடியவில்லை, ஹிப்னோதெரபி (மனதை ஆழ்ந்த கவனத்தில் வைத்துச் செய்யும் சிகிச்சை) உதவுமா என்று கோத்தகிரியிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மலையிறங்கிப் போய் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவ உளவியலாளரைப் பார்த்தோம். ஹிப்னோதெரபியின்போது அம்மா தூங்கிவிடவில்லை; உளவியலாளர் பேசியதெல்லாம் காதில் விழுந்ததாம். தோட்டத்தில் கொழுந்து பறிப்பதாக நினைத்துக்கொண்டே, ஊசி குத்தும் நேரத்தை மனதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்தார். முந்தின இரவுப் பதற்றம் இதில்தான் அடங்கியது.

எதிர்பாராத விஷயம், மயக்கத்துக்கு அது மட்டும் போதவில்லை. இந்தப் பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால்தான் மயக்கம் வருகிறது. உடலைத் தளர்த்தினால் அது ஏறாது. இங்கே ஒரு அக்கா சொன்ன தசை இறுக்கும் முறைதான் கைகொடுத்தது. சுவீடன் உளவியலாளர் லார்ஸ் கோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்தது: கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை 10-15 விநாடி இறுக்கி, 20-30 விநாடி விட வேண்டும், இப்படி 5 முறை. ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குன்னூரில் படுத்தபடியே ரத்தம் கொடுத்தார், மயங்கவில்லை. அறுவை சிகிச்சைக்குத் தேதியும் குறித்தாயிற்று.