துவர்த்தோல்: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மரப்பட்டை, காய் போன்றவற்றின் சாறால் பதனிட்ட விலங்குத் தோலை ஆங்கிலத்தில் 'வெஜிடபிள் டேன்டு லெதர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை, 'தாவரத் தோல்' போதும் என்று முடித்துவிட வேண்டாம். அந்தச் சொல்லால் எங்கள் வீட்டிலேயே ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது.

என் தம்பி கையால் பெல்ட் தைத்து விற்கிறான். நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோல், மெழுகு நூல், பித்தளைக் கொக்கி. விலைச்சீட்டுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தவன் நான். 'தாவரத் தோல் பெல்ட்' என்று எழுதினேன். விலங்குத் தோலையே பயன்படுத்தாத ஒருவர் அதைப் படித்து, செடிகொடியில் செய்தது என்று நம்பி வாங்கிப்போனார். மறுநாள் திருப்பித்தர வந்தபோது அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கள்ளியிலிருந்தும் அன்னாசி இலை நாரிலிருந்தும் தோல் போன்ற பொருள்கள் இப்போது உண்மையாகவே விற்பனையில் இருக்கின்றன. 'தாவரத் தோல்' என்ற பெயர் அவற்றுக்கே பொருந்தும்.

இழையில் வந்த இன்னொரு யோசனையான 'பட்டைத் தோல்' என்பதற்கு மண்ணில் வேர் இருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் பதனிட்டுக் கப்பலேறிய 'ஈ.ஐ.' தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல், ஆவாரம்பட்டையால் பெயர் பெற்றது. பின்னாளில் வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. ஆனால் அதே தொட்டிகளில் கடுக்காயும் ஊறியது; அது பட்டை அன்று, காய். தவிர, பெல்ட்டே ஒரு பட்டைதானே! 'பட்டைத்தோல் பட்டை' என்று எழுதினால் எது எதைக் குறிக்கிறது என்று படிப்பவர் திகைப்பார்.

பட்டைக்கும் காய்க்கும் பொதுவாக இருப்பது துவர். கடுக்காய்த் தோட்டில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கும், வாய் வறண்டுவிடும். துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வரும் உணர்வு அது. பச்சைத் தோலை அழுகாமல் காப்பதும் அதே பிடிப்புதான். அங்கே டானின் பற்றுவது கொலாஜன் என்ற புரத இழைகளை. நாக்கு அறிந்ததற்கும் தொட்டியில் நடப்பதற்கும் ஒரே பெயர் அமைவது எவ்வளவு பொருத்தம்! சொல்லும் பழையது. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும் நீரில் பத்துத் துவர் ஊறுகிறது. உரை சொல்லும் பத்தில் கடுக்காயும் ஒன்று.

ஆகவே என் முன்மொழிவு 'துவர்த்தோல்'. வினையாக 'துவரேற்றுதல்', சாயம் ஏற்றுகிறோம், இதுவும் அப்படித்தான். 'பதனிடுதல்' பொதுச்சொல்லாக நிற்கட்டும். அதன் கீழ் துவர்ப்பதம், குரோமிய உப்பால் பதனிடும் குரோமியப் பதம் என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம்.

'துவர்த்திய தோல்' என்று மட்டும் வேண்டாம். தலை துவர்த்துவது என்றால் ஈரம் துடைப்பது. குமரி மாவட்டத்தில் துண்டுக்கே துவர்த்து என்றுதான் பெயர். துவரம்பருப்போடு குழம்பும் என்ற அச்சம் எனக்கில்லை. பருப்பின் பெயர் துவரை, இது துவர். 'தோல்' பக்கத்தில் வந்ததுமே பொருள் தெளிந்துவிடும்.

இந்த வேறுபாடு வாங்குபவருக்கும் தேவைப்படுகிறது. பெல்ட்டின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். துவர்த்தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும். குரோமியத் தோலில் பெரும்பாலும் நடுவே நீலம் கலந்த சாம்பல் கோடு தெரியும். துவர்த்தோலின் ஓரத்தில் சிறிது ஈரம் தொட்டு, வழவழப்பான மரக்கட்டையால் தேய்த்தால் இழைகள் படிந்து மெருகேறும். தம்பி ஒவ்வொரு பெல்ட்டுக்கும் இதற்காகவே அரைமணி நேரம் உட்காருகிறான். குரோமியத் தோல் இப்படி மசிந்து கொடுக்காது. கட்டக் கட்ட, வெயிலும் கையெண்ணெயும் பட்டு, துவர்த்தோலின் நிறம் ஆழ்ந்துகொண்டே போகும்.

'பெல்ட்' என்பதை நான் மாற்றவில்லை. 'இடைவார்' அழகான சொல்தான். கடைக்கு வருகிறவர்கள் கேட்பது பெல்ட். தைப்பதற்கு முன் நீளமாக அறுத்தெடுக்கும் துண்டுக்கு 'வார்' என்று எழுதலாம். செருப்பு வாரில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

புதிய சீட்டில் 'துவரேற்றிய மாட்டுத்தோல் பெல்ட்' என்று போட நினைக்கிறோம். மாடு என்பது இந்த முறை முதலிலேயே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்போ, இதைவிட நல்ல சொல்லோ இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.