சாக்லேட் திரியுதா, இறுகுதா? ஒரு சொல் வேணும், நாளைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு சொல் தேவைப்படுது. வீட்டுலயே மோக்கா போடுறது எப்படின்னு ஒரு செய்முறைக் குறிப்பை மொழிபெயர்த்துட்டு இருக்கேன், நாளைக்குக் காலைல அச்சுக்குப் போகுது. 30 கிராம் டார்க் சாக்லேட்டை உருக்கி, 60 மில்லி சூடான ஸ்ட்ராங் காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கி, 150 மில்லி பாலைச் சுட வச்சு நுரை வர அடிச்சு மேல ஊத்தணும், அவ்வளவுதான். சிக்கல் நடுவுல இருக்கு. உருகின சாக்லேட்டுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாக்கூட அது சட்டுனு கெட்டியாகி மணல் மணலா ஆயிடும், ஆங்கில மூலத்துல அதுக்கு ஒரே சொல், "சீஸ்" (seize). அதை அப்படியே தமிழ்ல எழுதினா படிக்கிறவங்க பாலாடைக்கட்டின்னு நினைச்சுக்குவாங்க. "கட்டி தட்டுதல்"னு போட்டுப் பார்த்தேன், ஆனா அடுத்த பத்தியிலயே கொக்கோ பவுடர் முறை வருது, பவுடர் கட்டி தட்டாம இருக்க முதல்ல ரெண்டு ஸ்பூன் வெந்நீர்ல குழைச்சுக்கணும்னு. ரெண்டும் வேற வேற சங்கதி. என்ன போடலாம்?

* * *

> என்ன போடலாம்?

திரிதல். இதுக்கு ஏம்மா புதுச்சொல்? பால் திரிஞ்சு போச்சுன்னு தெனமும் சொல்றோமே. இலக்கணத்துலயும் இது பழுத்த சொல். நன்னூல் புணர்ச்சி விகாரம் மூணுன்னு சொல்லுது: தோன்றல், திரிதல், கெடுதல். மரம் கூட வேர் சேர்ந்தா மகரம் கெட்டு மரவேர் ஆகுது, பொன் கூட குடம் சேர்ந்தா னகரம் றகரமாத் திரிஞ்சு பொற்குடம் ஆகுது. கெட்டது போயிடுச்சு, திரிஞ்சது வேற வடிவத்துல அங்கயேதான் இருக்கு. உங்க சாக்லேட்டுக்கு நடக்கறதும் இதுதானே, கெடல, திரிஞ்சிருக்கு. விளக்குத் திரியை எடுத்துப் பாருங்க, பஞ்சைத் திரிச்சா வடிவம் மாறுது, பஞ்சு அழியல. திரிபு, திரிகை எல்லாம் இந்த வேர்ல கிளைச்சதுதான்னு என் கருத்து, அதைத் தனியா எழுதறேன்.

இன்னொண்ணு. "சாக்லேட்"னு எழுதறதையே நான் ஒத்துக்கமாட்டேன். தமிழ்ல க் மெய்க்குப் பின்னாடி ககரம்தான் வரலாம், லகரம் வராது. சொல்லும் ட்-ல முடியாது. சாக்கலேட்டு என்பதே முறை. வடசொல்லைக்கூட வடவெழுத்தை நீக்கிட்டு எடுத்துக்கோன்னு தொல்காப்பியம் எச்சவியல்லயே வழி போட்டுக் கொடுத்திருக்கு, மத்த மொழிச் சொல்லுக்கும் அதே வழிதான்.

* * *

ஐயா சொன்ன இலக்கணம் அழகா இருக்கு, ஆனா அடுப்படியில அது நிக்காதுங்க. பால் திரிஞ்சா நாங்க என்ன செய்வோம்? அந்தப் பாலுல காப்பி போட முடியாது, தூக்கி ஊத்திடுவோம். சாக்லேட் திரிஞ்சதுன்னு படிச்சா அதையும் கொட்டிடுவாங்க.

எனக்கே நடந்தது. கழுவின கரண்டியைச் சரியாத் துடைக்காம உருகின சாக்லேட்டுல விட்டுட்டேன். கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தது ரெண்டு சுத்துல மங்கிப்போய், ஓரத்தை விட்டு விலகி, நனைஞ்ச களிமண் மாதிரி கரண்டியோட மொத்தமா வந்துச்சு. கரண்டியை விட்டா நட்டுக்குத்தா நிக்குது. கெட்டுப்போச்சுன்னு 100 கிராமையும் குப்பையில போட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இன்னும் ரெண்டு மூணு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு அடிச்சிருந்தா மறுபடி வழவழன்னு ஆகியிருக்கும்னு. அதனால தங்கச்சி, எந்தச் சொல் வேணாப் போடு, படிக்கிறவங்களைக் கொட்ட வைக்கிற சொல் மட்டும் வேண்டாம்.

* * *

அக்கா சொல்றதுதான் சரி, காரணத்தைப் பார்த்தா சொல்லும் தானா கிடைக்கும். உருகின சாக்லேட்ல தண்ணியே கிடையாதுன்னு சொல்லலாம், கொக்கோ வெண்ணெய்ங்கற கொழுப்புக்குள்ள சர்க்கரைத் துகளும் கொக்கோத் துகளும் மிதக்குது. ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா சர்க்கரை அதைக் குடிச்சுப் பாகாகி, பக்கத்துத் துகளை எல்லாம் ஒட்டி இழுத்துக்குது. தண்ணி பத்தாததுதான் வினை. தாராளமா விட்டா சர்க்கரை முழுக்கக் கரைஞ்சு, கொழுப்பு சின்னச் சின்னத் துளியா அதுல பரவி பால்மம் ஆயிடும். இந்த மோக்காவுல முதல் ஸ்பூன் காப்பி விழும்போது சாக்லேட் இறுகும், 60 மில்லியும் போய்ச் சேரும்போது இளகிடும். என் ஓட்டு "இறுகுதல்". ஆறிக் கெட்டியாகறதுக்கு உறைதல்னு தனியா சொல் இருக்கு, கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி பக்கம் உருகும், அதுக்குக் கீழ ஆற ஆற உறையும். ரெண்டும் மோதாது.

* * *

இறுகுதல், திரிதல்னு சண்டை போடுறீங்க, செய்முறைக் குறிப்போட தலைப்புல "மோக்கா"ன்னு இருக்கே அதை ஒருத்தரும் கேக்கலையே! காப்பிக்குக் குளம்பின்னு நல்ல சொல் இருக்கு, கொட்டை குளம்பு வடிவத்துல இருக்கறதால வந்தது. கொக்கோக் குளம்பின்னு போடுங்க.

* * *

மோக்கா ஊர்ப்பேருங்க. ஏமன்ல செங்கடல் கரையில இருக்கற அல்-மகா துறைமுகம். அங்கிருந்து கப்பல்ல போன காப்பிக்கு அந்த ஊர்ப்பேரே நின்னுடுச்சு, அந்தக் காப்பியில சாக்லேட்டே கிடையாது, சாக்லேட் கலந்த பானத்துக்குப் பேர் ஒட்டினது பின்னாடி. ஊர்ப்பேரை மொழிபெயர்க்கிற வழக்கம் நமக்கு இல்ல. குளம்பின்னு போட்டா அடிக்குறிப்பு வேணும், அடுப்பு முன்னாடி நிக்கறவங்க அடிக்குறிப்பு படிக்கமாட்டாங்க.

* * *

நான் ஒண்ணு சொல்லட்டுமா, "திரளுதல்"? பரவிக் கிடந்தது ஒண்ணாச் சேர்றதுதானே திரள்றது. வெண்ணெய் திரள்ற மாதிரி.

* * *

வெண்ணெய் திரண்டா சந்தோஷம்யா. திரண்டு வரும்போது தாழி உடைஞ்சாத்தான் வருத்தம். சாக்லேட் திரண்டதுன்னு எழுதினா செய்முறை சரியாப் போகுதுன்னு நினைச்சுக்குவாங்க.

* * *

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேரம் ஆயிடுச்சு, எண்ணிப் பார்த்தா இறுகுதலுக்கு அஞ்சு பேர், திரிதலுக்கு ஐயா ஒருத்தர், திரளுதலை முன்மொழிஞ்சவரும் தனிமடல்ல இறுகுதலே போதும்னுட்டார். மோக்கா, காப்பி, சாக்லேட் மூணும் அப்படியே இருக்கட்டும். அக்கா சொன்னதுக்காக ஒரு வரி கூடுதலாச் சேர்த்திருக்கேன். அச்சுக்குப் போறது இதுதான்:

"முதல் கரண்டிக் காப்பி விட்டதும் சாக்லேட் இறுகும். கொட்டிவிட வேண்டாம். மீதிக் காப்பியையும் ஊற்றி அடித்துக் கலக்கினால் இளகிவிடும்."

* * *

இளகும்ங்கற சொல் பக்கத்துலயே நிக்கறதால இறுகும் பொருந்துது, அதை ஒத்துக்கறேன். ஆனா இறுகறது கயிறும் செய்யும், சிமென்டும் செய்யும். தண்ணி பட்டதால குணம் மாறிச்சுங்கற சேதி அந்தச் சொல்லுல இல்ல, திரிதல்ல இருக்கு. அடுத்த பதிப்பு வரும்போது இந்த இழையை மறுபடி எடுப்பேன். சாக்கலேட்டுக்கும் யாரும் இன்னும் பதில் சொல்லல.