புதுப்பிப்பு: உண்ணி எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டது

பண்டாரவளைப் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறோம், எனக்கும் அம்மாவுக்கும் இடுப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறது, எப்படி வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் நாயைத்தான் சொன்னீர்கள். நாயின் காதுமடல், விரலிடுக்கு எல்லாம் பார்த்தோம், நாய் உண்ணி சுவர் வெடிப்பிலேயே முட்டையிட்டுப் பெருகும் என்பதால் டோர்ச் அடித்து அதையும் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அப்புறம் ஒருவர் சொன்னபடி வெள்ளைத் துணியைத் தரையோடு இழுத்தேன். முற்றத்தில் எதுவும் ஒட்டவில்லை, மாட்டுக்குப் புல் அறுக்கிற ஓடைக்கரையில் இழுத்ததும் பொடிப்பொடியாகக் குஞ்சுகள், ஆறு காலோடு. உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து உரசுகிறவர்மேல் ஏறிக்கொள்ளும். உண்ணியைச் சுமந்து வரக்கூடிய காட்டுப்பன்றி இரவில் இறங்குவதும் அந்த வழியில்தான். புல்லுக்கட்டு சுமக்கிற அம்மாவுக்கு ஏன் கூடுதலாக இருந்தது என்பது இப்போது விளங்குகிறது.

சரி, இனி கட்டு வெளியிலேயே இருக்கும், வந்ததும் உடுப்பு சுடுதண்ணீருக்குள் போகும். ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம், மெல்லிய இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் உண்ணியைப் பிடித்து நேராக இழுங்கள். கடித்த பிறகு காய்ச்சலும் தலையிடியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உண்ணி கடித்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். உண்ணியால் வருகிற காய்ச்சல் நம் மலையகத்திலும் இருக்கிறது.