ஃபார்முலா எல்ஜிபி சீசனுக்கு ஸ்பான்சர்: யாரிடம், எப்படிக் கேட்பது?

சைட்பாட்_கோவை:
எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) லைசென்ஸ் கையில் இருக்கிறது. அடுத்த சீசனில் ஃபார்முலா எல்ஜிபி 1300 என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார் பிரிவில் ஓட்ட ஒரு டீமோடு பேசி வருகிறேன். கார் டீமுடையது, சீட்டுக்கு, அதாவது சீசன் முழுக்க அதை ஓட்டும் வாய்ப்புக்கு, நான் பணம் கட்ட வேண்டும். அதில் பாதியாவது ஸ்பான்சர் மூலம் வந்தால்தான் ஓட்ட முடியும். எங்கள் கோவையில் பம்ப், ஃபவுண்டரி, ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. யாரிடம் போவது? காரில் எந்த இடத்துக்கு என்ன விலை சொல்வது? பெரிய கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியைக் கேட்கலாமா?

பிட்வால்:
விலை சொல்வதற்கு முன்னால், விற்க உங்களிடம் என்ன இடம் இருக்கிறது என்று பாருங்கள். கார் டீமுடையது என்றால் காரின் உடம்பும் டீமுடையதுதான். மூக்கு, சைட்பாட் (காரின் பக்கவாட்டுப் பகுதி), எஞ்சின் கவர் ஆகியவற்றில் எது உங்களுக்கு என்பதை டீமிடம் எழுத்தில் வாங்குங்கள். சீட் பணத்தைப் பேசும் அதே நாளில் இதையும் பேசி முடிப்பது நல்லது. பணம் கட்டிய பிறகு கேட்டால் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

அடுத்து, அந்த சாம்பியன்ஷிப்பின் விதிமுறைப் புத்தகம். நடத்துகிற கம்பெனியின் ஸ்டிக்கருக்குக் கட்டாய இடங்கள் இருக்கும். கார் நம்பர் பகுதியைத் தொடக்கூடாது. டயர் கம்பெனி நடத்தும் தொடரில் போட்டி டயர் பிராண்டை ஒட்ட விடமாட்டார்கள். ஆயில் பிராண்டிலும் இதே சிக்கல் வரலாம். ஒரு ஆயில் டீலரிடம் பணம் வாங்கிவிட்டு, ஸ்குரூட்டினியில் (ரேஸுக்கு முன் அதிகாரிகள் காரைச் சோதிப்பது) ஸ்டிக்கரை உரிக்கச் சொன்னால் அந்த உறவு அங்கேயே முடிந்துவிடும்.

முழுக்க உங்களுடையது என்று சொல்லக்கூடியவை ஓவரால் (தீ தாங்கும் ரேஸ் உடை), ஹெல்மெட், உங்கள் சமூக ஊடகப் பக்கம், உங்கள் நேரம். கடைசியாகச் சொன்ன நேரத்துக்குத்தான் நல்ல விலை கிடைக்கும்.

டீலர்மீட்:
மேலே சொன்னதில் இருந்தே தொடர்கிறேன். பம்ப் கம்பெனி முதலாளிக்கு உங்கள் லேப் டைம் தேவையில்லை. அவருடைய வியாபாரம் டீலர்களை நம்பி ஓடுகிறது. வருடா வருடம் ஏதாவது ஒரு ஓட்டலில் டீலர் மீட் நடத்தி எப்படியும் செலவு செய்கிறார். அந்தச் செலவின் ஒரு பங்கை உங்கள் பக்கம் திருப்ப முடியுமா என்றுதான் யோசிக்க வேண்டும்.

கரி மோட்டார் ஸ்பீட்வே செட்டிபாளையத்தில், ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2.1 கி.மீ. டிராக் என்பதால் கார் ஒரு நிமிடம் சொச்சத்தில் மறுபடி கண்முன் வந்துவிடும்; ரேஸ் பார்த்துப் பழக்கமில்லாதவருக்கும் சலிக்காது. ஈரோடு, சேலம், திருப்பூர் டீலர்கள் பத்துப் பதினைந்து பேர் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். அனுமதி பாஸ், நிழலான இடம், சாப்பாடு, ரேஸ் இல்லாத நேரத்தில் காரில் உட்கார்ந்து படம். இதை முதலாளியிடம் ஒரு திட்டமாகக் கொடுங்கள். ஸ்டிக்கர் அதோடு சேர்ந்து வரும் இலவசம். பாஸ் எத்தனை கிடைக்கும், குழந்தைகளைப் பிட் பகுதிக்குள் (டீம்கள் காரைத் தயார்செய்யும் இடம்) விடுவார்களா என்பதை அமைப்பாளரிடம் உறுதிசெய்த பிறகே வாக்குக் கொடுங்கள்.

ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிக்குக் கணக்கு வேறு. சென்னை டிராக் இருப்பது இருங்காட்டுக்கோட்டையில். சுற்றிலும் சிப்காட், ஹூண்டாய் தொழிற்சாலை. பார்ட்ஸ் கம்பெனிகளிடம் கொள்முதல் செய்கிறவர்களில் பலர் அந்த வட்டாரத்திலேயே வேலை பார்க்கிறார்கள். சென்னை ரவுண்டை (சீசனில் சென்னையில் நடக்கும் ரேஸை) அவர்களுக்கு என்று ஒதுக்குங்கள்.

போகும்போது இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் அவர்களுடைய லோகோவைப் பொருத்திய கார் படம். இரண்டாவதில் அவர்களுக்கு என்ன கிடைக்கும், எந்தத் தேதி, எவ்வளவு பணம். உங்கள் கோப்பை வரலாற்றுக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். குடும்பக் கம்பெனிகளில் மகனோ மகளோ தொழிலுக்குள் வந்திருந்தால் முதலில் அவர்களைப் பாருங்கள். ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்குவதால் ஜனவரி, பிப்ரவரியிலேயே போய்விட வேண்டும். ஜூனில் போனால் "அடுத்த வருஷம் பாக்கலாம் தம்பி" என்பதுதான் பதில்.

சதுர அங்குலக் கணக்கில் விலை போடாதீர்கள். ஒரு ரவுண்டின் முழுச் செலவு, ஒரு செட் டயர் என்று உண்மையான செலவைக் காட்டிக் கேளுங்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் கை நீளும். டிவியில் வரும் என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. 2005ல் நரேன் கார்த்திகேயன் எஃப்1 போனபோது டாடா வந்ததை உதாரணம் காட்டவும் வேண்டாம். அது வேறு அளவு, வேறு கணக்கு.

வவுச்சர்:
சி.எஸ்.ஆர். பக்கம் போகாதீர்கள். விளம்பரப் பயனுக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆர். ஆகாது என்று 2021ல் திருத்தப்பட்ட விதியே சொல்கிறது. காரில் லோகோ ஏறினாலே அது விளம்பரம்தான். சிறிய கம்பெனிக்கு இதனால் நஷ்டமும் இல்லை, விளம்பரச் செலவாகவே கணக்கில் காட்டிக்கொள்ளலாம். முதலாளியிடம் "உதவி செய்யுங்கள்" என்று கேட்காமல் இன்வாய்ஸோடு போனால் அவருடைய ஆடிட்டரும் தடை சொல்லமாட்டார்.

ஜி.எஸ்.டி.யை நினைத்துப் பயப்பட வேண்டாம். தனிநபரான நீங்கள் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கோ பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கோ ஸ்பான்சர்ஷிப் சேவை கொடுத்தால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியை அவர்களே கட்ட வேண்டும். நீங்களே ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் பில் போட்டால் 2025 ஜனவரி 16 முதல் கதை வேறு. வரியை நீங்கள் வசூலித்துக் கட்ட வேண்டும்.

பணம் டி.டி.எஸ். (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் வரும். பான் கொடுக்காவிட்டால் 20% போய்விடும். பலரும் கவனிக்காத ஒன்று: டயர், ஆயில் என்று பொருளாகக் கொடுத்தாலும், ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டில் ரூ. 20,000ஐத் தாண்டினால் 10% டி.டி.எஸ். உண்டு. அதை யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் இருந்தால் போதும், ஆனால் இவை இருக்க வேண்டும்: தவணைத் தேதி (பாதி கையெழுத்திடும்போது, மீதி இரண்டாவது ரவுண்டுக்கு முன்), ரேஸ் ரத்தானால் என்ன, நீங்கள் காயப்பட்டு ஓட முடியாமல் போனால் என்ன, அதே தொழிலில் இன்னொரு கம்பெனியை ஏற்றலாமா. புகையிலைப் பொருள் விளம்பரமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு விளம்பரமும் சட்டப்படி கூடாது. எவ்வளவு கொடுத்தாலும் தொடாதீர்கள்.

சைட்பாட்_கோவை:
மிக்க நன்றி. ஓவராலில் லோகோவை லோக்கல் எம்பிராய்டரி கடையில் போடலாமா?

பிட்வால்:
கடை எதுவானாலும் நூலும் முறையும் சரியாக இருக்க வேண்டும். எம்பிராய்டரி வெளி அடுக்கில் மட்டும். எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் நடுவிலுள்ள காற்று இடைவெளி போய் வெப்பம் நேராக உடம்புக்கு வரும். சாதா பாலியஸ்டர் நூல் உருகும். பேட்ச் என்றால் பின்துணியும் தைக்கிற நூலும் தீப்பிடிக்காத வகை. அயர்ன் பண்ணி ஒட்டும் பிரிண்ட் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட்டில் பெயிண்டோ ஸ்டிக்கரோ போடும் முன் ஓடு எந்தப் பொருளால் ஆனது, தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று பாருங்கள்.

கார் ஸ்டிக்கருக்கு லோகோவை சி.டி.ஆர். அல்லது பி.டி.எஃப். வெக்டர் ஃபைலாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத வகை) வாங்குங்கள். வாட்ஸாப்பில் வரும் படத்தைப் பெரிதாக்கினால் பிசிறடிக்கும். வளைவான பகுதிக்குக் காஸ்ட் வினைல் என்ற மெல்லிய, வளைந்து கொடுக்கும் ஸ்டிக்கர் தாள்தான் நிற்கும். ஒட்டும் முன் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடையுங்கள். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் இரண்டு பிரதி கூடுதலாக டூல் பாக்ஸில் இருக்கட்டும். சனிக்கிழமை மூக்கு உடைந்து மாற்றினால், டீலர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை புது மூக்கில் லோகோ இருந்தாக வேண்டும்.