நடுகள வீரருக்கு முழங்கால் காயம்: ஐந்து வாரத்தில் அணியை எப்படி மாற்றி அமைப்பது?

கேள்வி: கோத்தகிரி ஊர் அணி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் கால்பந்து அணியை எட்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் படித்தவன் அல்லன். பந்து வாங்குவது, ஜீப் பேசுவது, களமிறங்கும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பது ஆகிய எல்லாம் என் தலையில் வந்து விழுந்திருக்கின்றன.

எங்கள் நடுகள வீரர் சென்ற மாதம் பயிற்சியின்போது, உயர்ந்து வந்த பந்தைத் தலையால் முட்டிவிட்டுத் தரையிறங்கித் திரும்புகையில், எவரும் மோதாமலேயே வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ‘டப்’ என்ற ஓசை அருகில் நின்றவருக்கும் கேட்டது. இருட்டுவதற்குள் முழங்கால் வீங்கிவிட்டது. கோயம்புத்தூரில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், எல்லோரும் ஏ.சி.எல். என்று சொல்லும் முன்புறக் குறுக்குத் தசைநார் முற்றிலும் அறுந்திருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை இன்னும் நடைபெறவில்லை.

காந்தி மைதானத்தில் எங்களுக்குரிய போட்டித் தொடர் ஐந்து வாரத்தில் தொடங்குகிறது. அவருக்கு அடுத்தபடியாகப் பந்தைக் கையாளத் தெரிந்தவர் எங்கள் முன்கள வீரர்தான் என்பதால் அவரை நடுகளத்துக்கு இறக்கி இரண்டு பயிற்சி ஆட்டங்கள் ஆடினோம். முதலாவதில் 0-3, இரண்டாவதில் 1-4 என்று தோற்றோம். முன்கள வீரரை அங்கேயே வைத்துப் பழக்குவதா, வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வருவதா என்று விளங்கவில்லை. இதற்கிடையில், காயமடைந்தவரின் எட்டாம் எண்ணை எல்லோருடைய பனியன் கையிலும் அச்சிட்டுக்கொண்டு ஆட வேண்டும் என்று இளைஞர்கள் விரும்புகிறார்கள். அதுவும் சரிதானா என்று சொல்லுங்கள்.

பதில் 1: குன்னூர் பழைய ஸ்டாப்பர்

முன்கள வீரரை நாளைக்கே அவருடைய இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கூரையின் ஓர் ஓட்டையை அடைக்க இன்னோர் இடத்து ஓடுகளைப் பிரித்தால் மழை இரண்டு இடத்தில் ஒழுகும். உங்களுக்கு நேர்ந்திருப்பது அதுதான் என்று அந்த இரண்டு முடிவுகளைப் பார்த்தாலே தெரிகிறது. நடுகளமும் சரியாகவில்லை, கோல் அடிக்கவும் ஆளில்லை.

இதே தவற்றைப் பெரிய அணிகளும் செய்திருக்கின்றன. 2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியின் ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர்) வான் டைக் முழங்கால் காயத்துடன் வெளியேறினார். அடுத்த மாதம் கோமஸ், ஜனவரி இறுதியில் மாட்டிப் என்று மற்ற இரண்டு ஸ்டாப்பர்களும் காயத்தால் விலகவே, நடுகளத்தின் தூண்களாக இருந்த ஃபபீன்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னுக்கு இழுத்து ஸ்டாப்பர்களாக ஆட வைத்தார்கள். இருவரும் அங்கே மோசமாக ஆடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் எதிரணியின் தாக்குதலை நடுகளத்திலேயே முறிப்பதற்கும், பந்தை விரைவாக முன்னே தள்ளுவதற்கும் ஆளில்லாமல் போயிற்று. 2021 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் சொந்த மைதானத்தில் தொடர்ச்சியாக ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றார்கள். அந்த அணியின் வரலாற்றில் அதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை.

மார்ச்சில் ஃபபீன்யோவை மறுபடியும் நடுகளத்துக்கு அனுப்பினார்கள். பின்வரிசையில் கபாக்கும் நாட் ஃபிலிப்ஸும், கடைசி ஆட்டங்களில் ஃபிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும் நின்றார்கள். ஃபிலிப்ஸ் வேகமானவர் அல்லர், காலில் நளினமும் கிடையாது. உயரத்தில் வரும் பந்தைத் தலையால் அடித்து அப்புறப்படுத்துவார், அவ்வளவுதான். ஆயினும் அந்தப் பருவத்தின் கடைசி பத்து லீக் ஆட்டங்களில் எட்டை வென்று, இரண்டைச் சமன் செய்து, மூன்றாம் இடத்தில் முடித்தார்கள். வான் டைக்குக்கு இணையான எவரும் கிடைக்காமலேயே இது நடந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். காயமடைந்தவரின் இடத்தில் யாரை நிறுத்துவது என்று யோசிப்பதற்கு முன், அவர் ஓர் ஆட்டத்தில் எத்தனை வேலை செய்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்டாப்பர்கள் பந்தோடு திணறும்போது ஓடிவந்து வாங்கியவர் யார், கார்னர் அடித்தவர் யார், விங் பேக் (பக்கவாட்டுப் பின்கள வீரர்) மேலே ஏறிவிட்டால் அந்த இடத்தை மூடியவர் யார், ‘ஆள் வருகிறான், திருப்பாதே’ என்று பின்னாலிருந்து கத்தியவர் யார் என்றெல்லாம் எழுதினால், பதினொருவர் அணியில் ஒருவர் மூன்று பேரின் வேலையைச் செய்துகொண்டிருந்ததை நீங்களே காண்பீர்கள். கார்னரை ஒருவருக்கும், குரல் கொடுப்பதை ஒரு ஸ்டாப்பருக்கும், இடம் மூடுவதை உங்களிடம் உள்ளவர்களில் சலிக்காமல் ஓடக்கூடிய ஓர் இளைஞருக்கும் கொடுங்கள். அந்த இளைஞருக்கு இரண்டே கட்டளைகள் போதும்: இரண்டு ஸ்டாப்பர்களுக்கு முன்னாலிருந்து நகராதே, பந்து கிடைத்தால் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிடு. அவர் எட்டாம் எண்ணைப் போல ஆட முயல்வதுதான் ஆபத்து.

எங்கள் அணியில் பல ஆண்டுகளுக்கு முன் கோல் கீப்பருக்கு விரல் முறிந்தபோது, நல்ல உயரமாக இருக்கிறேன் என்பதற்காக என்னைக் கீப்பராக நிறுத்தினார்கள். அந்த ஆட்டத்தில் எத்தனை கோல் வாங்கினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பதில் 2: உதகை பார்வையாளர்

மேலே எழுதிய அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஆட்டக்காரரை இடம் மாற்றவே கூடாது என்பதை ஏற்க இயலாது. 2016 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரொனால்டோ 25ஆம் நிமிடத்தில் அழுதுகொண்டே வெளியேறிய பிறகு போர்ச்சுகல் அணி குவரெஸ்மாவைப் பக்கவாட்டில் இறக்கி, நானியை முன்னே நிறுத்தி, முன்வரிசையின் அமைப்பையே மாற்றிக்கொண்டது. அதன்பின் கோல் விடாமல் காத்து, 109ஆம் நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர் எடெர் அடித்த கோலால் வென்றது. ஆள் இல்லாதபோது ஆட்டத்தின் லட்சியத்தையே சிறிதாக்கிக்கொள்வதும் ஒரு வழிதான். உங்கள் குழுவில் முதல் ஆட்டத்தைச் சமன் செய்தாலே போதும் என்றால், நடுகளத்தில் ஒருவரைக் கூடுதலாக வைத்துக்கொண்டு அடைத்து ஆடலாம்.

பனியனில் எண் அச்சிடுவதை மட்டும் செய்யாதீர்கள். 2014 உலகக் கோப்பை அரையிறுதிக்கு முன், கொலம்பியாவுடனான ஆட்டத்தில் முதுகெலும்பில் காயமடைந்த நெய்மாரின் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிரேசில் ஆட்டக்காரர்கள் தேசிய கீதம் பாடினார்கள். அன்று, ஜூலை 8ஆம் தேதி, ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றார்கள். பனியனைத் தூக்கியதால் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். அதே ஆட்டத்தில் தடை காரணமாகத் தலைவர் தியாகோ சில்வாவும் ஆடவில்லை, பின்வரிசை சிதைந்ததற்கு அவர் இல்லாததே பெரிய காரணம். ஆனால் எல்லோரும் நெய்மாரை நினைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் தியாகோ சில்வாவின் இடத்தைப் பற்றிப் போதிய அளவு பேசினார்களா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. இதற்கு நேர்மாறாக, 1962இல் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேயை இழந்த பிரேசில் கோப்பையை வென்றது. அவர் இடத்தில் ஆடிய அமரில்டோ ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார்; இங்கிலாந்துக்கு எதிராகவும் சிலிக்கு எதிராகவும் காரின்ஷா இரண்டிரண்டு அடித்தார். சுமை இரண்டு தோளுக்குப் பிரிந்துபோனது.

பதில் 3: கூடலூர் செவன்ஸ்

வெளியாளை அழைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் நாடுகாணி இறங்கினால் நிலம்பூர். மலப்புறத்துச் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) ஆட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்துகூட ஆட்டக்காரர்களைக் கூலிக்கு அழைத்து வருவார்கள். அந்தப் பழக்கம் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. அனுபவத்தில் சொல்கிறேன்: முன்கள வீரரைக் கூலிக்கு வாங்கலாம், நடுகள வீரரை வாங்க முடியாது. கோல் அடிப்பவனுக்கு மற்றவர்களின் பழக்கம் தெரிய வேண்டியதில்லை. நடுவில் நிற்பவனுக்கோ யார் எந்தக் காலில் பந்து கேட்பார் என்பதுகூடத் தெரிந்திருக்க வேண்டும். மேலும், போட்டி விதிகள் வெளியூர் ஆட்டக்காரரை அனுமதிக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பதில் 4: மலை இயன்முறை மருத்துவர்

ஆட்ட அமைப்பைப் பற்றி மற்றவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் காயமடைந்தவரைப் பற்றியும், காயமடையாத மற்றப் பதினான்கு பேரைப் பற்றியும் சொல்கிறேன்.

வீக்கம் வடிந்து நடக்கத் தொடங்கியதும், ‘எனக்கு ஒன்றுமில்லை, இறுதி ஆட்டத்துக்காவது வருகிறேன்’ என்று அவர் சொல்லக்கூடும். நேர்கோட்டில் ஓடக்கூட முடியும். ஆனால் தசைநார் அறுந்த முழங்கால் திரும்பும்போது நழுவும்; அப்படி நழுவும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டு கிழியும் வாய்ப்பு உண்டு. நம் ஊரில் மைதானத்தைவிடத் தேயிலைத் தோட்டத்துச் சரிவுதான் கூடுதல் ஆபத்து. கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஈரமான சரிவில் இறங்கும் வேலையை அவர் செய்பவரானால், அதைத் தற்போது நிறுத்தச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு முன் போட்டி ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போடும்தோறும் மறுகாய விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. மாதக் கணக்கு மட்டும் போதாது. காயமடைந்த காலின் தொடைத் தசை வலிமையும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் மறு காலில் உள்ளதில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு: ஜீப்பிலிருந்து இறங்கியவுடன், கை விறைக்கும் குளிரில், கோல் நோக்கி நான்கு பந்து அடித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவதை நான் பல மைதானங்களில் பார்த்திருக்கிறேன். ஃபிஃபா பரிந்துரைக்கும் ‘11 பிளஸ்’ என்ற உடல் தயாரிப்புப் பயிற்சிக்கு இருபது நிமிடமே ஆகும். மெதுவோட்டம், தொடை மற்றும் இடுப்பு வலிமைப் பயிற்சி, தாவி முழங்கால் உள்ளே சாயாமல் இறங்குதல், கடைசியில் வேக ஓட்டம் என்று அமைந்தது. பந்தைத் தவிர வேறு கருவி தேவையில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் ஆட்டக்காரர்களிடம் நடத்திப் பார்த்து 2008இல் வெளியிட்ட சோதனையில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன். நடுகளத்துக்குப் புதிதாக வரும் அந்த இளைஞர் இதுவரை ஓடியதைவிடக் கூடுதலாக ஓடப்போகிறார். அவருடைய ஓட்டத்தை முதல் வாரத்திலேயே இரட்டிப்பாக்கினால் அடுத்ததாகத் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர் அவராகத்தான் இருப்பார்.

கேட்டவரின் மறுமொழி: கோத்தகிரி ஊர் அணி

அனைவருக்கும் நன்றி. குன்னூர் அண்ணன் சொன்னபடி ஆட்டக்காரர்களை உட்காரவைத்து எழுதிப் பார்த்தோம். பதினொரு வேலைகள் வந்தன. அதில் இரண்டு எனக்கே தெரியாதவை. எங்கள் இடது விங் பேக், ‘நான் மேலே ஏறும்போதெல்லாம் அவர் என் இடத்துக்கு வந்துவிடுவார், அதனால்தான் ஏறினேன்’ என்றபோது எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். முன்கள வீரர் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டார். பத்தொன்பது வயதான ஓர் இளைஞர் நடுவில் நிற்கிறார். விங் பேக் பாதி வழிக்கு மேல் ஏறக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மேகமூட்டத்தில் ஒரு கோல் கம்பம் மறு கோல் கம்பத்துக்குத் தெரியாத நிலையில் ஆடிய ஆட்டம் 1-1 என்று முடிந்தது. வெளியாளை அழைக்கவில்லை. எண் அச்சிட ஒதுக்கிய பணம் அறுவை சிகிச்சைக்காக ஊரில் திரட்டும் தொகையோடு சேர்ந்துவிட்டது. இளைஞர்களுக்குச் சற்று வருத்தம்தான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். குரல் கொடுக்கும் வேலையை எந்த ஸ்டாப்பரும் சரியாகச் செய்யவில்லை. காயமடைந்தவர், ‘கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்துகிறேன்’ என்கிறார். ஊன்றுகோலோடு ஒன்றரை மணிநேரம் நிற்பது சரிப்படுமா?

பதில் 5: மலை இயன்முறை மருத்துவர்

நிற்க வேண்டாம், நாற்காலி போட்டு உட்காரட்டும். ஈரப் புல்லில் ஊன்றுகோல் வழுக்கும். எதிரில் இன்னொரு நாற்காலி வைத்துக் காலை நீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைப்பார்கள், அது தவறு. முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டால் அறுவை சிகிச்சைக்குப் பின் நேராக்குவது கடினம். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.