பிள்ளைகள் எடுத்த படத்தில் முகம் தெரியலாமா?

உவர்மலையான்:
முகநூலில் ஒருவர் எழுதியிருக்கிறார்: திருகோணமலைப் பெடியளிடம் கமராவைக் கொடுத்தால் மனக்காயம் தானாக ஆறுமாம், ஆனால் கண்காட்சியில் முகங்களை மறைத்துவிட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2006 ஜனவரி 2 அன்று காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்களைக் கொன்றார்கள். அந்த மாணவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது என்று படைத்தரப்பு கதை கட்டியது. செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள்தான் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டார்கள். முகத்தை மறைத்தால் உண்மையையும் மறைத்தது போலத்தான்.

மூதூர் மகள்:
அண்ணை, அது சாட்சிப் படம். இது பிள்ளை தன் வீட்டு வலியை எடுக்கும் படம். இங்கே ஒரு பயிற்சியில் ஒரு பிள்ளை, தாய் அழும் முகத்தை எடுத்தாள். தாயிடம் கேட்காமலே மண்டபத்தில் தொங்கவிட்டார்கள். சந்தையில் கண்டவர் எல்லாம் அந்தத் தாயை விசாரித்தார்கள். பிள்ளை அதற்குப் பிறகு கமராவைத் தொடவேயில்லை.

தானாக ஆறும் என்பதும் பிழை. 1990களில் சீனாவின் யுன்னானில் கிராமத்துப் பெண்களிடம் கமரா கொடுத்த கரோலின் வாங், படம் எடுப்பதோடு விடவில்லை. இதில் என்ன நடக்கிறது, ஏன் இப்படி என்று கூடியிருந்து பேச வைத்தார். இங்கே அந்தப் பேச்சுக்குத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

உவர்மலையான்:
சீனாவை விடுங்கள். முகம் இல்லாத படத்தை யார் நம்புவார்கள்?

கிண்ணியாக்காரன்:
2006இலேயே நிற்கிறீர்கள். 2004 சுனாமியில் எங்கள் கிண்ணியா வைத்தியசாலைக்குள்ளேயே கடல் புகுந்தது. திருகோணமலையின் வலி என்று பேசத் தொடங்கினால் கிண்ணியா எப்போதும் விடுபட்டுத்தான் போகும். எங்கள் பிள்ளைகளுக்கும் கமரா பிடிக்கத் தெரியும்.

உவர்மலையான்:
தம்பி, நான் முகத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஊர்ச் சண்டை வேண்டாம்.

கிண்ணியாக்காரன்:
ஊர்ச் சண்டையைத் தொடங்கியது நானில்லை. போன வருடம் இதே குழுவில் நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை.

கொழும்புத் தமிழன்:
2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு என்ன மனக்காயம்? தேவையில்லாமல் கிளறுகிறீர்கள்.

மூதூர் மகள்:
மூதூருக்குப் பக்கத்துச் சம்பூர்ச் சனம் 2006இல் போருக்குப் பயந்து ஓடி, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகக் கிடந்தது. முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் யாரும் வாய் திறக்காதபோது பிள்ளை எதை வைத்து விளங்கிக்கொள்வது? அதனால்தான் கமரா வேண்டும் என்கிறேன். இடிந்த சுவரை எடுக்கட்டும், கிணற்றை எடுக்கட்டும், தாயின் கையை மட்டும் எடுக்கட்டும். முகத்தை வைப்பதா என்று அந்த முகத்துக்குரியவர் சொல்லட்டும். மண்டபத்தில் நாடா வெட்ட வருபவர் சொல்லக் கூடாது.

உவர்மலையான்:
கையை வைத்து எந்த விசாரணையும் நடக்காது. முகம் வேண்டும்.

மூதூர் மகள்:
விசாரணைக்கா பிள்ளைகளைக் கூப்பிட்டீர்கள்? தாயிடம் கேட்டார்களா என்பதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

உவர்மலையான்:
சுகிர்தராஜன் யாரிடம் கேட்டார்? மேலே எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.