ஸ்கீட், டிராப், ஸ்போர்ட்டிங்: எதில் தொடங்குவது?

செங்காங்_தம்பி கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவையின்போது சார் 21 ரைஃபிள் சுட்டதோடு சரி, அதற்கப்புறம் நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. சமீபத்தில் வேலையிடத்து நண்பர் ஒருவர் பழைய சுவா சூ காங் சாலைப் பக்கம் இருக்கும் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். ஷாட்கன், பறக்கும் ஆரஞ்சுத் தட்டுகள். ரைஃபிளில் மார்க்ஸ்மன் பேட்ஜ் வாங்கிய தைரியத்தில் நின்றேன். தட்டுகள் பெரும்பாலும் பத்திரமாகத் தரையிறங்கின. ஆனால் ஒன்றே ஒன்று தூளாகப் போனது பாருங்கள், அன்றிலிருந்து மனசு அங்கேதான் இருக்கிறது.

யூடியூப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டே "புல்" (Pull, தட்டை எறியச் சொல்லும் குரல்) என்கிறார். இன்னொருவர் இடுப்பில் வைத்திருக்கிறார். அமெரிக்க ஸ்கீட், இங்கிலீஷ் ஸ்கீட், ஒலிம்பிக் ஸ்கீட், டிராப், ஸ்போர்ட்டிங் என்று போய்க்கொண்டே இருக்கிறது. புதிதாக வருகிறவன் எதைப் பிடிப்பது? சொந்தமாகத் துப்பாக்கி வேண்டுமா? அதை வீட்டில் வைக்க வேண்டி வருமா? (கடைசிக் கேள்வி அம்மாவுடையது.)

ஹைஹவுஸ்_மாமா:

முதலில் அம்மாவுக்குப் பதில். வீட்டுக்குள் எதுவும் வராது. துப்பாக்கியும் தோட்டாவும் கழகத்தின் ஆயுதக் கிடங்கிலேயே இருக்கும். காவல்துறை உரிமம் இல்லாமல் ஒன்றும் நகராது. 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிக் குற்றத்துக்குத் தூக்கு வரை போகும் ஊர் இது, யாரும் விளையாட மாட்டார்கள். தொடக்கத்தில் கழகத் துப்பாக்கியே போதும். வாங்குவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இனி விஷயம். நான் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஸ்கீட் பைத்தியம். அதனால் ஒருபக்கமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கீட்டில் தட்டு எறியும் கூண்டுகள் இரண்டு. இடது பக்கம் உயரமான ஹை ஹவுஸ், தட்டு சுமார் 3 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும். வலது பக்கம் லோ ஹவுஸ், அங்கே சுமார் 1 மீட்டர். இவற்றுக்கு நடுவே அரைவட்டமாக நிலைகள். தட்டு எப்போதும் ஒரே பாதையில்தான் வரும், மாறுவது நீங்கள் நிற்கும் இடம். இதனால்தான் புதியவருக்கு ஸ்கீட் என்று அடித்துச் சொல்கிறேன். தவறவிட்டால் அதே தட்டை மறுபடி கேட்டு வாங்கலாம். எங்கே பிசகியது என்று பார்த்துத் திருத்தலாம்.

அமெரிக்க ஸ்கீட்டில் 8 நிலைகள், ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டே கேட்கலாம், கேட்டவுடன் தட்டு வரும். இங்கிலீஷ் ஸ்கீட்டிலும் 25 தட்டுகள்தான், ஆனால் 7 நிலைகள். இரண்டு கூண்டுக்கும் நடுவில் நிற்கும் அந்த எட்டாம் நிலை, முகத்துக்கு நேரே தட்டு பாயும் இடம், அதில் கிடையாது. இந்த இரண்டில் எது கிடைத்தாலும் அதில் தொடங்குங்கள்.

ஒலிம்பிக் ஸ்கீட் வேறு சங்கதி. பின்கட்டையின் நுனி ஜாக்கெட்டில் ஒட்டிய பட்டையைத் தொட்டபடி, அதாவது இடுப்புக்குப் பக்கத்தில், இருக்க வேண்டும். "புல்" சொன்ன பிறகு தட்டு உடனேயும் வரலாம், 3 விநாடி கழித்தும் வரலாம். அந்த மூன்று விநாடியில் கழுத்து இறுகும், கண் தட்டைத் தேடாமல் கூண்டின் வாயையே முறைக்கும். தட்டும் வேகம், 68 மீட்டர் போய் விழும்படி எறிகிறார்கள். துப்பாக்கி தோளில் ஏறுவது தன்னால் நடக்கிற காலம் வரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் பார்த்த இடுப்புக்காரர் அந்த வகை. தோள்காரர் அமெரிக்க வகையாக இருக்கலாம், டிராப்பாகவும் இருக்கலாம். இருவருமே சரிதான், ஆட்டம் வேறு.

முதல் நாள் எட்டு நிலையையும் சுற்றி வராதீர்கள். ஏழாம் நிலையில் நின்று லோ ஹவுஸ் தட்டை மட்டும் கேளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி கிட்டத்தட்ட நேராக விலகிப் போகும். முன்கூட்டிச் சுடும் கணக்கு அதில் இல்லை. அது அலுக்கும்வரை உடைத்துவிட்டு அப்புறம் முதல் நிலைக்குப் போங்கள்.

டிராப்_அக்கா:

மாமா சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். (பாசத்தோடுதான் அண்ணே.)

ஸ்கீட்டில் ஏழாம் நிலையை விட்டு நடு நிலைகளுக்குப் போனதும் தட்டுகள் குறுக்கே ஓட ஆரம்பிக்கும். புதியவர் அங்கேதான் நொந்துபோவார். டிராப்பில் தட்டு எப்போதும் நம்மை விட்டு விலகித்தான் போகும், கோணம் மட்டும் மாறும். துப்பாக்கி தோளில் தயாராக இருக்கும். முதல் நாளே நாலு தட்டு உடையும், உற்சாகம் வரும்.

ஆனால் ஒலிம்பிக் டிராப்பைச் சொல்லவில்லை. அதில் முன்னால் 15 மீட்டரில் ஒரு பதுங்குகுழி, உள்ளே 15 எறிகருவிகள். 5 நிலைகளுக்கும் ஆளுக்கு மூன்று. மூன்றில் எது வீசும் என்று தெரியாது. தட்டு 76 மீட்டர் பறக்கும். தட்டுக்கு இரண்டு தோட்டா தருகிறார்களே என்று மகிழாதீர்கள், இரண்டாவதைச் சுடும் நேரத்தில் தட்டு எங்கோ இருக்கும். புதியவருக்கு ஏற்றது டவுன் த லைன் என்ற டிராப் வகை. ஒரே எறிகருவி, முதல் குண்டில் உடைத்தால் 3 புள்ளி, இரண்டாவதில் உடைத்தால் 2.

ஸ்போர்ட்டிங்குக்கு அவசரம் வேண்டாம். தரையில் முயல் போல உருளும் தட்டு, 60 மில்லிமீட்டர் குட்டித் தட்டு, திடீரென்று பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும் ஒல்லித் தட்டு என்று அழகான விளையாட்டு அது. ஆனால் மரமும் மேடும் விரிந்த நிலமும் வேண்டும். நம் ஊரில் நிலத்துக்கு எங்கே போவது? வெளிநாட்டுப் பயணத்தில் ஆசை தீர்த்துக்கொள்ளலாம்.

மாமாவின் ஸ்கீட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 1992 பார்சிலோனாவில் ஆண்களோடு ஒரே போட்டியில் நின்று தங்கம் வாங்கினார் சீனாவின் ஜாங் ஷான். அடுத்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஸ்கீட்டே இல்லை! 2000 சிட்னியில்தான் தனிப்போட்டி வந்தது. இதை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரியும்.

செங்காங்_தம்பி:

நன்றி மாமா, நன்றி அக்கா. இரண்டு பேரும் சண்டை போட்டால் எனக்குத்தான் லாபம். ஒரு சந்தேகம்: அன்றைக்கு நான் தட்டை நன்றாகக் குறிபார்த்துத்தான் சுட்டேன். முன்குறி தட்டின் மேலேயே இருந்தது, சத்தியமாக. பிறகு ஏன் உடையவில்லை?

ஹைஹவுஸ்_மாமா:

தட்டின் மேலேயே இருந்ததால்தான் உடையவில்லை, தம்பி.

நாலாம் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு உங்கள் முன்னால் சுமார் 20 மீட்டரில் குறுக்கே போகிறது. சன்னங்கள் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். தட்டின் வேகம் விநாடிக்கு 20 மீட்டர் என்று வையுங்கள். அந்த இடைவெளியில் தட்டு ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். தட்டின் குறுக்களவு 11 சென்டிமீட்டர். பத்துத் தட்டை வரிசையாக அடுக்கினால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு முன்னால் சுட வேண்டும். இதைத்தான் லீட் என்கிறோம்.

ரைஃபிள் பழக்கம் உங்களை இதில் கவிழ்க்கும். ஒரு கண்ணை மூடுவது, மூச்சை அடக்குவது, விசையை மெல்ல மெல்ல அழுத்துவது எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வையுங்கள். ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையை விட்டு ஒரு விரல் எழும்பினாலும் குண்டு மேலே போகும். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும், பார்வை தட்டின் முன்விளிம்பில் இருக்கட்டும். குழல் ஓரக்கண்ணில் மங்கலாகத் தெரிந்தால் போதும். லீட் சரியாக இருக்கிறதா என்று குழலைப் பார்த்த அந்தக் கணம் கை நின்றுபோகும், தட்டுக்குப் பின்னால் சுடுவீர்கள். சுட்ட பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் ஆதிக்கக் கண் (குறிபார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண்) எது என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக எதிர் பிளாக்கின் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது எண் மறையாமல் நிற்கிறதோ அதுதான். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் ஆதிக்கம் என்றால் பயிற்றுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோளை மாற்றச் சொல்வார், இல்லையென்றால் கண்ணாடியில் சின்ன டேப் ஒட்டுவார்.

வீட்டில் பயிற்சிக்கு விளக்குமாற்றுக் கம்பு போதும். சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் நுனி வழுக்கிப் போகிற மாதிரி தோளுக்கு ஏற்றிப் பழகுங்கள். அசல் மாதிரி இருக்கட்டுமே என்று பொம்மைத் துப்பாக்கி எதுவும் வாங்கிவிடாதீர்கள், அதற்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு. ஜன்னல் பக்கமும் நிற்காதீர்கள், எதிர் வீட்டுப் பாட்டி என்ன நினைப்பார்?

டிராப்_அக்கா:

லீட் விஷயத்தில் மாமாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் டிராப் ஆளையும் ஒருமுறை பாருங்கள் தம்பி. புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது டிராப்தான். நம் ஊரிலிருந்து ஒலிம்பிக்குக்குப் போன லீ வுங் யூவும் டிராப்காரர்தான்.

ஹைஹவுஸ்_மாமா:

அறந்தாங்கிப் பக்கம் வேர் உள்ளவனிடம் புதுக்கோட்டையைச் சொல்லி மடக்கப் பார்க்கிறீர்கள்! தொண்டைமானுக்காக நானும்தான் கைதட்டினேன். தம்பி ஸ்கீட்டில் தொடங்கட்டும், டிராப்புக்கு நீங்களே கூட்டிப்போங்கள்.

ஈரக்காற்று:

நடுவில் நுழைகிறேன். பெரியவர்கள் சொல்லாமல் விட்ட சில்லறை விஷயங்கள். மதியம் போனால் இடிமழை வந்து மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும், காலையில் போங்கள். பாதுகாப்புக் கண்ணாடி நம் புழுக்கத்தில் மூடுபனி போட்டுக்கொள்ளும், துடைக்கத் துணி வேண்டும். தோட்டா 24 கிராம் கேளுங்கள், ஒலிம்பிக் வகைகளில் அதற்கு மேல் அனுமதி இல்லை, தோளும் தப்பிக்கும். காதுக்குக் கவசம், சொல்ல வேண்டியதே இல்லை.

முக்கியமானது: சுட்டு முடித்ததும் வெஸ்ட், கால்சட்டை, பை எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். காலித் தோட்டா உறை ஒன்று மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலோ சாங்கி விமான நிலையத்திலோ எக்ஸ்ரேயில் அது தெரிந்தால் ஞாபகார்த்தம் என்று சொல்லித் தப்ப முடியாது. சுடப்போகிற பையை ஜோகூருக்கு எடுத்துப் போகாமல் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.